மூன்றரை நிமிஷ லாபம்

திருவொற்றியூரில் எல்லை தாண்டியதற்காக முதன் முதலில் தண்டனை பெற்றவர் யார் என்று கேட்டால், போலீஸ் ஸ்டேஷன் ரிகார்டுகளைப் புரட்ட வேண்டியதில்லை. பெரிய புராணத்தைப் புரட்டினால் போதும். சுந்தரமூர்த்தி நாயனார் அந்த ஊரில் மகிழ மரத்தடியில் சங்கிலி நாச்சியாருக்குச் சத்தியம் செய்து கொடுத்தார்: 'உன்னை விட்டுப் பிரிய மாட்டேன்' என்று. வசந்த காலம் வந்தது. திருவாரூர் ஞாபகமும் கூடவே வந்தது. நாயனார் ஊர் எல்லையைத் தாண்டி ஓரடி எடுத்து வைத்தார். அவ்வளவுதான், இரண்டு கண்களும் பார்வை இழந்தன.

அந்தத் தண்டனையின் விசேஷம் என்னவென்றால், குற்றத்துக்கும் தண்டனைக்கும் இடையே ஒரு நிமிஷம்கூட இடைவெளி இல்லை. யார் செய்தது, எந்த இடத்தில் செய்தது, எதற்காகச் செய்தது என்ற சந்தேகம் யாருக்கும் எழவில்லை. முக்கியமாக, சத்தியம் செய்தவர் யாரோ அவரே தண்டனையையும் அனுபவித்தார்.

இப்போது அதே திருவொற்றியூரில் எல்லை வேறு ரூபம் எடுத்திருக்கிறது. சிவப்பு வட்டத்துக்குள் ஓர் எண். 30, 40, 50, 60 என்று. இந்த எல்லையைத் தாண்டுகிறவர்களுக்குக் கண் போவதில்லை. பத்துப் பதினைந்து நாள் கழித்துக் கைத் தொலைபேசியில் 'டிங்' என்று ஒரு சப்தம் வருகிறது. அந்தச் சப்தம் யாருடைய தொலைபேசியில் கேட்கிறது, யாருடைய பையில் கை விடுகிறது, யாருடைய உயிரைக் காப்பாற்றுகிறது என்பதை அறிவதற்காக, சென்ற வாரம் இரண்டு நாள் ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரையில் சுற்றித் திரிந்தோம். அங்கே கண்டதையும் கேட்டதையும் வாசகர்களுக்குச் சொல்லுகிறோம்.

வேகம் வந்து இறங்கிய ஊர்

தென்னாட்டில் வேகம் முதன் முதலில் வந்து இறங்கிய இடம் ராயபுரந்தான். 1856ஆம் ஆண்டு ஜூலை மாதம் முதல் தேதி தென்னிந்தியாவின் முதல் பிரயாணி ரயில் வண்டி ராயபுரம் ஸ்டேஷனிலிருந்து வாலாஜா ரோடுக்குப் புறப்பட்டது. அதுவரையில் மாட்டு வண்டியின் வேகமே மனிதனுடைய வேகமாக இருந்தது. அன்றைய தினம் புகை கக்கிக்கொண்டு ஓடிய அந்த யந்திரத்தைப் பார்த்து ஜனங்கள் எவ்வளவு ஆச்சரியப்பட்டிருப்பார்கள்! அந்த ஸ்டேஷன் கட்டிடம் இன்றைக்கும் இருக்கிறது. ஆனால் ஆச்சரியப்படத்தான் யாருக்கும் நேரமில்லை.

ஸ்டேஷனைத் தாண்டிக் கடற்கரைப் பக்கம் போனால் காசிமேடு மீன்பிடித் துறைமுகம். அதன் அருகிலேதான் சென்னைத் துறைமுகத்தின் வடக்கு வாசல். லாரிக்காரர்கள் அதை 'ஜீரோ கேட்' என்று சொல்லுகிறார்கள். அங்கிருந்து வடக்கே தண்டையார்ப்பேட்டை, திருவொற்றியூர், எர்ணாவூர், எண்ணூர் என்று கடலை ஒட்டிக்கொண்டே போகிறது எண்ணூர் நெடுஞ்சாலை. ஒரு பக்கம் அலைகளைத் தடுப்பதற்காகக் கொட்டிய கருங்கற்கள். மறு பக்கம் மீனவர் குப்பங்கள், வீடுகள், கிடங்குகள், தொழிற்சாலைகள். வடகோடியில் 2001ஆம் ஆண்டு முதல் இயங்கும் எண்ணூர்த் துறைமுகம். அதற்குக் காமராஜர் பெயர் வைத்திருக்கிறார்கள். அதற்கும் அப்பால் காட்டுப்பள்ளித் துறைமுகம்.

இந்தச் சாலையில் வீடு அளவுக்குப் பெரிய இரும்புப் பெட்டிகளைச் சுமந்துகொண்டு டிரெயிலர் லாரிகள் போகின்றன. 'போகின்றன' என்று எழுதிவிட்டோம். 'நிற்கின்றன' என்று திருத்திக்கொள்ள வேண்டும். துறைமுக வாசலில் நெரிசல் ஏற்பட்டால் லாரிகளின் வரிசை மைல் கணக்கில் நீண்டுவிடும். பல ஆண்டுகளாகப் பத்திரிகைகளில் வந்து வந்து பழசாகிப் போன செய்தி இது. இந்த இடத்தில் போய் 'அதி வேகம்' என்று அபராதம் போடுகிறார்களா என்று வாசகர்கள் சிரிக்கக் கூடும். நாமும் முதலில் சிரித்தோம். பிறகு ஒரு டீக்கடைப் பெஞ்சியில் உட்கார்ந்தபோது சிரிப்பு அடங்கிவிட்டது.

டீக்கடையில் கேட்டது

காசிமேட்டுக்கு அருகில் ஒரு டீக்கடை. காலை ஏழு மணி. பெஞ்சியில் எங்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் டிரெயிலர் லாரி டிரைவர். வயது நாற்பத்தைந்து இருக்கலாம். இருபது வருஷமாகப் பெட்டி ஏற்றுகிறாராம். கண்கள் சிவந்திருந்தன. முதல் நாள் மாலையில் வரிசையில் சேர்ந்தவர், அப்போதுதான் துறைமுகத்துக்குள் பெட்டியை இறக்கிவிட்டு வந்திருந்தார்.

"உங்களுக்கு எப்போதாவது வேகத்துக்காக அபராதம் விழுந்திருக்கிறதா?" என்று கேட்டோம்.

அவர் டீயை ஒரு வாய் குடித்துவிட்டு, "விழுந்திருக்கு சார். ரெண்டாயிரம். எனக்குத் தெரியறதுக்கு ஒரு மாசம் ஆச்சு" என்றார்.

"ஏன் அவ்வளவு நாள்?"

"வண்டி முதலாளி பேர்ல இருக்குது. சலான் அவரு போனுக்குப் போவுது. அவரு கணக்குப் பிள்ளைகிட்ட சொல்லுவாரு. கணக்குப் பிள்ளை சம்பளம் குடுக்கற அன்னிக்கி, 'இந்தா, இதுல ரெண்டாயிரம் பிடிச்சிருக்கு'ன்னுவாரு. எந்த நாளு, எந்த ரோடு, ஒண்ணும் சொல்லமாட்டாரு. அந்த மாசம் நாப்பது நடை அடிச்சிருப்பேன். எதுக்கு இந்த ஃபைனுன்னு நான் எங்க போய் ஞாபகம் வச்சுக்கறது?"

சுந்தரர் விஷயத்தில் தண்டனை எல்லைக் கல்லிலேயே காத்திருந்தது. இவர் விஷயத்தில் தண்டனை கணக்குப் பிள்ளையின் மேஜையில் காத்திருந்தது. குற்றம் செய்த இடத்தையும் நேரத்தையும் அறியாதவன் எதை எண்ணி வருந்துவான்? மழை பெய்தால் நனைவதுபோல் இதையும் ஒரு கஷ்ட காலம் என்று நினைத்துவிட்டு மறுநாள் மறுபடியும் ஓட்டத் தொடங்குவான்.

"வேகமாகப் போனது உண்மைதானா?" என்று கேட்டோம்.

"பொய் சொல்லக் கூடாது. போனது உண்மைதான். தப்புதான்" என்றார் டிரைவர். சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார்: "ஆனா ஒண்ணு சார். நான் வேகமா போறது ரோட்டுல இல்ல. லைன்ல நிக்கறப்பவே என் மனசு வேகமா போக ஆரம்பிச்சிடுது."

இந்த வாக்கியத்தை நாம் நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டோம். அதன் அர்த்தத்தை அவர் விளக்கிச் சொன்னது வருமாறு: டிரைவருக்குச் சம்பளம் கொஞ்சம்; நடைக்கு இவ்வளவு என்று கொடுக்கும் படிதான் அதிகம். வரிசையில் எட்டு மணி நேரம் நின்றாலும் பன்னிரண்டு மணி நேரம் நின்றாலும் ஒரு நடை ஒரு நடைதான். கப்பலுக்குப் பெட்டி சேர வேண்டிய கெடு ஒன்று இருக்கிறது. அந்தக் கெடு தவறினால் பெட்டியை உள்ளே விடமாட்டார்கள். ஆகையால் கிடங்கிலிருந்து புறப்படும்போதே தொலைபேசி அடிக்கத் தொடங்கிவிடும்: "எங்க இருக்கே? ஏன் இன்னும் வரலே?" வரிசையில் இழந்த நேரத்தைப் பிடிப்பதற்கு டிரைவரிடம் இருப்பது ஒரே ஒரு கருவி. அது அவருடைய வலது காலின் கீழே இருக்கிறது.

யந்திரம் எப்படிப் பார்க்கிறது?

வேகத்துக்கு அபராதம் என்பது புதிய சங்கதி அல்ல. 1896ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் இங்கிலாந்தில் கென்ட் ஜில்லாவில் வால்டர் ஆர்னால்டு என்பவர் மணிக்கு 2 மைல் எல்லையுள்ள ஊருக்குள் 8 மைல் வேகத்தில் மோட்டார் ஓட்டினார். போலீஸ்காரர் ஒருவர் சைக்கிளில் ஐந்து மைல் துரத்திப் போய் அவரைப் பிடித்தார்! வேகத்துக்காக விதித்த அபராதம் ஒரு ஷில்லிங். கோர்ட்டுச் செலவு தனி.

இன்றைய போலீஸ்காரர் சைக்கிள் மிதிக்க வேண்டியதில்லை. அவர் கையிலோ கம்பத்தின் உச்சியிலோ உள்ள கருவி கண்ணுக்குத் தெரியாத ரேடியோ அலைகளை வண்டியின்மீது வீசுகிறது. வண்டியில் பட்டு அவை திரும்புகின்றன. ரயில் ஸ்டேஷனில் நிற்கும்போது, நம்மை நோக்கி ஓடிவரும் எஞ்சினின் ஊதல் கீச்சென்று கேட்பதையும், தாண்டிப் போனவுடன் அதே ஊதல் தணிந்து கேட்பதையும் வாசகர்கள் கவனித்திருப்பார்கள். திரும்பி வரும் ரேடியோ அலைகளுக்கும் அப்படியே சுருதி மாறுகிறது. மாறுதல் எவ்வளவோ, வேகம் அவ்வளவு. இந்தத் தத்துவத்தை 1842இல் எடுத்துச் சொன்னவர் டாப்ளர் என்னும் ஆஸ்திரிய விஞ்ஞானி. அவர் மனத்தில் இருந்தவை நட்சத்திரங்கள். டிரெயிலர் லாரிகள் அல்ல.

சட்டம் என்ன சொல்லுகிறது? 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 112ஆம் பிரிவு வேக எல்லையைப் பற்றியது. 183ஆம் பிரிவு அதை மீறுவோருக்கான தண்டனையைப் பற்றியது. முன்பெல்லாம் முதல் குற்றத்துக்கு 400 ரூபாய்க்கு மேல் அபராதம் இல்லை. 2019இல் திருத்திய சட்டப்படி, கார் முதலிய இலகு வண்டிகளுக்கு 1,000 முதல் 2,000 ரூபாய் வரையில். லாரி, பஸ் போன்ற பெரிய வண்டிகளுக்கு 2,000 முதல் 4,000 ரூபாய் வரையில். தமிழ்நாட்டில் புதிய அபராத விகிதங்கள் 2022 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தன. இரண்டாம் முறை அகப்பட்டால் லைசென்ஸையே வாங்கி வைத்துக்கொள்ளலாம். அதிவேகம் முதலிய சில குற்றங்களுக்கு லைசென்ஸைக் குறைந்தது மூன்று மாதம் நிறுத்தி வைக்க வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட்டு நியமித்த சாலைப் பாதுகாப்புக் கமிட்டி 2015இலேயே மாநிலங்களுக்கு உத்தரவிட்டிருக்கிறது.

சென்னையில் 2023 ஜூன் மாதத்தில் பகலில் 40 கிலோ மீட்டர்தான் எல்லை என்று போலீஸார் சொன்னபோது ஊரெங்கும் முணுமுணுப்பு எழுந்தது. பிறகு அதே வருஷம் நவம்பர் 4ஆம் தேதி முதல் புதிய எல்லைகளை அறிவித்தார்கள்: கார் முதலியவற்றுக்கு 60, கனரக வண்டிகளுக்கும் மோட்டார் சைக்கிள்களுக்கும் 50, ஆட்டோ ரிக்‌ஷாக்களுக்கு 40. குடியிருப்புப் பகுதிக்குள் எல்லாருக்கும் 30.

"மூணு மாசம் லைசென்ஸ் இல்லேன்னா?" என்று டிரைவரிடம் கேட்டோம். அவர் பதில் சொல்லவில்லை. டீக்கடைக்காரர்தான் பதில் சொன்னார்: "மூணு மாசம் அடுப்பு இல்லேன்னு அர்த்தம் சார்."

ஒரு ராத்திரி

இதுவரையில் படித்தவர்கள், நாம் டிரைவர்களுக்காக வக்காலத்து வாங்குகிறோம் என்று நினைக்கலாம். கதை அதோடு முடியவில்லை. எழுந்து போக இருந்த டிரைவர் மறுபடி உட்கார்ந்தார்.

"சலான் வந்த அன்னிக்கி ரோட்டுல யாருமே இல்ல சார். அது வேற. இன்னொரு ராத்திரி நடந்ததைச் சொல்றேன்" என்று தொடங்கினார்.

விடிவதற்கு முன் நான்கு மணி. காலிச் சாலை. காலி வண்டி. அடுத்த நடைக்குப் பெட்டி எடுப்பதற்காகத் திருவொற்றியூர்ப் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தார். எழுபதில் போனதாக ஞாபகம். மீன் ஏலத்துக்காகக் காசிமேட்டுக்குப் போகப் புறப்பட்ட ஓர் அம்மாள், தலையில் கூடையுடன், குப்பத்துச் சந்திலிருந்து சாலையில் இறங்கினாள். இவர் பிரேக்கை மிதித்தார். டயர்கள் அலறின. பின்பக்கம் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போயிற்று. வண்டி நின்றபோது அந்த அம்மாளுக்கும் வண்டிக்கும் இடையே ஒரு முழம் இருந்தது.

"அந்த அம்மா திட்டலே. கத்தலே. கூடையை இறக்கி வச்சிட்டு ரோட்டோரமா அப்படியே உக்காந்துடுச்சி. எனக்குக் கை நடுங்கிப்போச்சு. அரை மணி நேரம் வண்டியை எடுக்கலே. அன்னிக்கி எனக்கு ஒரு ஃபைனும் வரலே சார்."

யோசித்துப் பார்த்தால் இந்த விஷயம் முழுவதும் இந்த இரண்டு இரவுகளில் அடங்கியிருக்கிறது. அபராதம் விழுந்த அன்று குறுக்கே யாரும் வரவில்லை. அந்த அம்மாள் குறுக்கே வந்த அன்று அபராதம் விழவில்லை. 'யாருமே இல்லாத ரோட்டில் போனதற்கு எதற்கு அபராதம்?' என்று கேட்கிறவர்களுக்கெல்லாம் பதில் இதுதான்: யாருமே இல்லாத நாளில் விழும் அபராதம், அந்த அம்மாள் இறங்கி வரும் நாளுக்காக முன்கூட்டிக் கட்டும் பணம்.

ஒரு சின்னக் கணக்கு

வீட்டில் ஐந்தாம் வகுப்பு படிக்கும் குழந்தை இருந்தால் இந்தக் கணக்கைப் போடச் சொல்லலாம். பத்துக் கிலோ மீட்டர் தூரம். மணிக்கு 50 கிலோ மீட்டர் வேகத்தில் போனால் 12 நிமிஷம் ஆகும். 70 கிலோ மீட்டர் வேகத்தில் போனால் சுமார் எட்டரை நிமிஷம். மிச்சம் மூன்றரை நிமிஷம். எட்டு மணி நேரம் வரிசையில் நின்ற மனிதர் இந்த மூன்றரை நிமிஷத்தை மீட்பதற்காக எவ்வளவு பெரிய பந்தயம் வைக்கிறார் என்று பாருங்கள்.

இப்போது அடுத்த கணக்கு. ஆபத்தைக் கண்டு காலைப் பிரேக்கில் வைப்பதற்கு ஒரு விநாடி ஆகும் என்று வைத்துக்கொள்வோம். அந்த ஒரு விநாடியில், 50 கிலோ மீட்டர் வேகத்தில் வருகிற வண்டி 14 மீட்டர் ஓடிவிடும். 70இல் வருகிற வண்டி 19 மீட்டர் ஓடிவிடும். அதற்கப்புறம், நல்ல பிரேக்கும் காய்ந்த தார் ரோடும் இருந்தால், முதல் வண்டி மொத்தம் ஏறக்குறைய 33 மீட்டரில் நிற்கும். இரண்டாவது வண்டி நிற்க 57 மீட்டர் வேண்டும். வேகம் கூடியது இருபதுதான். ஆனால் மோதலின் பலம் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆகையால் அது ஏறக்குறைய இரண்டு மடங்காகிவிடுகிறது.

இதில் இன்னும் பயங்கரமான சங்கதி ஒன்று உண்டு. இரண்டு வண்டிகளும் ஒரே இடத்தில் ஆபத்தைக் கண்டதாக வைத்துக்கொள்ளுங்கள். 50இல் வந்த வண்டி முற்றிலும் நின்றுவிட்ட அதே இடத்தைத் தாண்டும்போது, 70இல் வந்த வண்டி இன்னும் 55 கிலோ மீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருக்கும்! ஒரு வண்டிக்கு முன்னால் அந்த அம்மாள் கூடையுடன் நிற்கிறாள். இன்னொரு வண்டிக்கு முன்னால்? அதை எழுத நமக்கு மனம் வரவில்லை.

ஆனால் சர்க்கார் கணக்கு எழுதியிருக்கிறது. 2022ஆம் ஆண்டில் இந்தியாவின் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் நூற்றுக்கு எழுபது பேருக்கு மேல் அதிவேகத்தினால் மாண்டவர்கள். அந்த ஒரே ஆண்டில் தமிழ்நாட்டில் நடந்த விபத்துக்கள் 64,105. வேறெந்த மாநிலத்திலும் அவ்வளவு நடக்கவில்லை. இறந்தவர்கள் 17,884 பேர். பெரிய யுத்தம் ஒன்றில் இவ்வளவு பேர் மாண்டால் தேசமே துக்கம் கொண்டாடும். சாலையில் மாண்டால் மறுநாள் பத்திரிகையில் நான்கு வரி.

உத்தரவு இட்டவர் யார்?

ஆகவே அபராதம் வேண்டும் என்பதில் நமக்குச் சந்தேகமில்லை. ஆனால் அது யாரிடம் வசூலாக வேண்டும் என்பதுதான் கேள்வி.

இந்தக் கேள்வியைச் சட்டம் கேட்காமல் விடவில்லை. 183ஆம் பிரிவை நிதானமாகப் படித்தபோது நமக்கே வியப்பாக இருந்தது. வேக எல்லையை மீறி ஓட்டுகிறவர் மட்டுமல்ல, தம்மிடம் வேலை பார்ப்பவரை அப்படி ஓட்டச் செய்கிறவரும் அந்தப் பிரிவின்படி குற்றவாளிதான். அதோடு நிற்கவில்லை. 'இத்தனை நேரத்துக்குள் போய்ச் சேர்' என்று ஒருவர் உத்தரவிட்டிருந்து, எல்லையை மீறாமல் அத்தனை நேரத்தில் போய்ச் சேருவது சாத்தியமில்லை என்று கோர்ட்டு கருதினால், அந்த உத்தரவே அவர்மீது முதல் சாட்சியம் ஆகும் என்று அதே பிரிவின் நான்காவது உட்பிரிவு சொல்லுகிறது.

சட்டத்துக்கு இரண்டு கைகள் இருக்கின்றன. ஒரு கை டிரைவரைப் பிடிப்பதற்கு; இன்னொரு கை அவருக்குத் தொலைபேசி அடித்தவரைப் பிடிப்பதற்கு. முதல் கைக்கு ரேடியோ அலை, காமிரா, கம்பியில்லாச் செய்தி எல்லாம் கொடுத்திருக்கிறோம். இரண்டாவது கை சட்டைப் பைக்குள்ளேயே இருக்கிறது. டீக்கடையில் எத்தனையோ டிரைவர்களிடம் விசாரித்தோம். இப்படி ஓர் உட்பிரிவு இருப்பதாக அவர்களில் ஒருவரும் கேள்விப்பட்டதில்லை.

பெரிய லாரிகளுக்கு மட்டும் இது பொருந்தும் என்று எண்ண வேண்டாம். ராயபுரத்தில் சாப்பாட்டுப் பொட்டலம் கொண்டு போகும் இளைஞன் ஒருவனைச் சந்தித்தோம். மோட்டார் சைக்கிளில் பெட்டி, கையில் தொலைபேசி. அதில் நிமிஷங்கள் குறைந்துகொண்டே வருகின்றன. "லேட்டானா கஸ்டமர் ஸ்டார் குறைச்சிடுவாங்க சார். ஸ்டார் குறைஞ்சா ஆர்டர் குறையும்" என்றான். அந்த நட்சத்திரத்தைக் குறைக்கிறவர்கள் யார்? வீட்டில் ஈஸி சேரில் சாய்ந்துகொண்டு, 'இன்னும் ஏன் வரவில்லை?' என்று கடியாரத்தைப் பார்க்கிற நாம்தான். வேகத்துக்கு உத்தரவிடுகிறவர்களின் ஜாபிதாவில் நம்முடைய பெயரும் இருக்கிறது என்பதை நினைத்தபோது கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது.

தண்டனையின் பாரம் எல்லாருக்கும் ஒன்றுதானா என்பது இன்னொரு கேள்வி. பின்லாந்து தேசத்தில் அதிவேகத்துக்கு அபராதம் விதிக்கும்போது குற்றவாளியின் வருமானத்தையும் பார்க்கிறார்கள். 2002இல் பெரிய தொலைபேசிக் கம்பெனி அதிகாரி ஒருவர் 50 கிலோ மீட்டர் எல்லையில் 75 கிலோ மீட்டர் வேகத்தில் மோட்டார் சைக்கிளில் போனதற்காக 1,16,000 யூரோ அபராதம் விதித்தார்கள். அவர் தம்முடைய வருமானம் குறைந்துவிட்டதைக் காட்டி மேல்முறையீடு செய்த பிறகே அந்தத் தொகை பெரிதும் குறைந்தது. நம் நாட்டில் அப்படிச் செய்ய வேண்டுமென்று நாம் சொல்ல வரவில்லை. ஒருவருக்கு ஹோட்டல் பில் போன்றது இன்னொருவருக்கு ஒரு மாத வீட்டு அரிசி என்பதை மறக்க வேண்டாமென்றுதான் சொல்லுகிறோம்.

வீட்டுக்கு வந்த சலான்

ராயபுரத்தில் நமக்கு ஒரு நண்பர் இருக்கிறார். ஓய்வு பெற்ற உபாத்தியாயர். ஒரு நாள் அவர் பெயருக்கு அதிவேகச் சலான் வந்தது. பிள்ளையாண்டானைக் கூப்பிட்டு ஒரு மணி நேரம் உபதேசம் செய்தார். பிள்ளை பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அப்பா, அந்தத் தேதியைப் பாருங்கள். நான் அன்றைக்குக் கோயம்புத்தூரில் இருந்தேன்" என்றான். நண்பர் தேதியைப் பார்த்தார். பக்கத்தில் நின்ற அவருடைய சம்சாரம், "வெள்ளிக்கிழமை! வடிவுடையம்மன் கோயிலுக்கு நடை சாத்துவதற்குள் போக வேண்டும் என்று நீங்கள்தானே ஓட்டிக்கொண்டு போனீர்கள்?" என்றாள். அம்பாளைத் தரிசிக்கப் போன வேகத்துக்கு அம்பாளே சாட்சி சொன்னது போலாயிற்று! உபாத்தியாயர் மறுபேச்சில்லாமல் பணத்தைக் கட்டினார்.

இந்தக் குடும்பத்தில் தவறு செய்தவருக்குத் தவறு தெரிந்தது. சலானைத் திறந்து தேதியையும் இடத்தையும் படித்துப் பார்த்ததனால் தெரிந்தது. ஆகையால், குடும்பத்தில் ஒருவருக்குச் சலான் வந்தால் செய்ய வேண்டியவை சில உண்டு.

2021இல் வந்த மத்திய மோட்டார் வாகன விதியின்படி, காமிரா போன்ற மின்சாரக் கருவியால் கண்டுபிடித்த குற்றத்துக்கு 15 நாளைக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். அதில் வண்டியின் எண் தெரியும் படம், கருவி அளந்த வேகம், தேதி, நேரம், இடம் எல்லாம் இருக்க வேண்டும். காமிரா உள்ள பகுதிக்கு முன்னால் எச்சரிக்கைப் பலகையும் இருக்க வேண்டும். வேகமாகப் போனதாக ஒரே ஒரு சாட்சி தம் அபிப்பிராயத்தைச் சொல்லுவது போதாது. கருவியின் அளவு வேண்டும் என்று 183ஆம் பிரிவே சொல்லுகிறது. படத்தில் உள்ள வண்டி நம்முடையது அல்லவென்றாலோ, விவரம் தவறென்றாலோ, ஆட்சேபிக்க உரிமை உண்டு. உண்மையானால், உபாத்தியாயரைப் போல் கட்டிவிடுவதே கௌரவம்.

வண்டியின் சொந்தக்காரர்கள் சலான் வந்த அன்றே அதை டிரைவரிடம் காட்ட வேண்டும். கணக்குப் புத்தகத்துக்குள் ஒளித்து வைத்துச் சம்பள நாளில் எடுத்தால் பணம் வசூலாகும், புத்தி வராது. கடைசியாக ஓர் எச்சரிக்கை: சலான் வந்திருப்பதாகச் சொல்லி, 'இதைத் தொடுங்கள், அதை இறக்கிக்கொள்ளுங்கள்' என்று மோசக்காரர்களும் செய்தி அனுப்புகிறார்கள். அதை நம்பித் தொட்டவர்களின் பாங்குக் கணக்கு காலியாகியிருக்கிறது. செய்தியில் உள்ள இணைப்பைத் தொடாமல், சர்க்காரின் 'பரிவாகன்' தளத்தில் நாமே போய் வண்டி எண்ணைக் கொடுத்துப் பார்ப்பதுதான் உத்தமம்.

ஊன்றுகோல்

சுந்தரர் கதையை நாம் பாதியில் விட்டுவிட்டோம். கண் இழந்த நாயனாரை இறைவன் அப்படியே கைவிட்டுவிடவில்லை. திருவெண்பாக்கத்தில் ஓர் ஊன்றுகோல் கொடுத்தார். காஞ்சியில் ஒரு கண். திருவாரூரில் மறு கண். தண்டனை கொடுத்தவரே வழிநடக்கக் கோலும் கொடுத்தார்.

எண்ணூர் நெடுஞ்சாலையில் தண்டனை இருக்கிறது, இருக்கவும் வேண்டும். ஊன்றுகோல்தான் இல்லை. காத்திருக்கும் நேரத்துக்கும் கூலி என்று ஏற்பட்டால் அது ஓர் ஊன்றுகோல். துறைமுக வாசலில் வரிசை குறைந்தால் அது இன்னொன்று. லாரிகள் காத்திருப்பதற்குத் தனி இடம், டிரைவர்கள் படுத்து உறங்க ஒரு கொட்டகை, மீன்காரப் பெண்கள் சாலையைத் தாண்டும் இடத்தில் நல்ல வெளிச்சம், இவை மற்றவை. இவற்றில் எதுவும் தேவலோகத்திலிருந்து வர வேண்டியதல்ல.

டீக்கடையில் நாம் எழுந்து கிளம்பும்போது டிரைவரின் தொலைபேசி அடித்தது. எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார். மறு பக்கத்தில் யாரோ உரத்துப் பேசுவது நமக்கும் கேட்டது. அவர் நம்மைப் பார்த்தார். பிறகு நிதானமாக, "வரேன். அம்பதுலதான் வருவேன். மூணு நிமிஷம் லேட்டாவும்" என்று சொல்லிவிட்டு வண்டியை நோக்கி நடந்தார்.

அவர் அதை நமக்காகச் சொன்னாரோ, அந்த அம்மாளுக்காகச் சொன்னாரோ தெரியாது. டிரெயிலர் மெதுவாக நகர்ந்து சாலையில் ஏறியது. அந்தச் சமயம் ஏலம் முடிந்து, மீன் கூடைகளைத் தலையில் சுமந்துகொண்டு நாலைந்து பெண்கள் காசிமேட்டிலிருந்து வந்தார்கள். லாரி நின்றது. அவர்கள் பேசிச் சிரித்துக்கொண்டே சாலையைக் கடந்து போனார்கள்.